டைரென்வ்: உள்ளே போனால் ஏற்றும், வெளியே வந்தால் இறக்கும்

டைரென்வ் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. ஒரு ஃபோல்டருக்குள் போனதும் அதற்குரிய என்வ் வேரியபிள்களை (ப்ரோக்ராம்கள் படித்துக்கொள்ளும் பெயர்-மதிப்பு ஜோடிகள்) ஷெல்லில் ஏற்றி, வெளியே வந்ததும் இறக்கிவிடும் சின்னக் கருவி. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உபுண்டுவில் ‘ஆப்ட் இன்ஸ்டால் டைரென்வ்’, மேக்கில் ‘ப்ரூ இன்ஸ்டால் டைரென்வ்’ என்று தட்டினால் வந்துவிடும். (கட்டளைகளை நாங்கள் ஆபீசில் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது எப்படித் தட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.) இலவசப் பொருளுக்கு எதற்கு இவ்வளவு நீள மதிப்புரை என்றால், எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒருவர் விடாமல் கேட்கும் கேள்விக்கு நான் கடைசியில் கொடுக்கும் பதில் இதுதான்.

கேள்வி இது: “அக்கா, செட்என்வ் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன், எரர் ஒண்ணும் வரல. உள்ளே எக்ஸ்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எக்கோ பண்ணிப் பார்த்தா வெறும் வரிதான் வருது.”

செட்என்வ் என்பது என்வ் வேரியபிள்களை எக்ஸ்போர்ட் செய்யும், அதாவது அடுத்து ஓடும் ப்ரோக்ராம்களுக்கும் போகும்படி வைக்கும் கோப்பு. எக்கோ ஒரு வேரியபிளின் மதிப்பைக் காட்டும். ஸ்கிரிப்ட்டில் பெரும்பாலும் தப்பே இருக்காது. ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும் ப்ரோக்ராம்) ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது தனியாக ஒரு ப்ராசஸை ஃபோர்க் செய்து, அதாவது தன்னிலிருந்து ஒரு மகனைப் பிரித்து, அதற்குள் ஓட்டுகிறது. என்வ் வேரியபிள்கள் எல்லாம் அந்தப் புது ப்ராசஸுக்கு நகலாகத்தான் போகின்றன. அப்பாவின் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போன மகன், அந்த ஜெராக்ஸில் பேனாவால் என்ன எழுதினாலும் வீட்டிலிருக்கும் அசல் கார்டு மாறாது, இல்லையா? அதேதான். ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஜெராக்ஸும் போய்விடும். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு போர்ன் ஷெல்லும் என்வ் வேரியபிளும் வந்த நாளிலிருந்து ஏற்பாடு இப்படித்தான். அப்பா ப்ராசஸின் வேரியபிளை மகன் ப்ராசஸ் மாற்றுவதற்கு லினக்ஸில் இன்றைக்கும் ஒரு சிஸ்டம் கால் கிடையாது. பிழை தேடும் கருவியான ஜிடிபியை ஓடுகிற ஷெல்லோடு ஒட்டவைத்து உள்ளே புகுந்து மாற்றப் பார்க்கும் குறும்புக்காரர்கள் உண்டு. அதை வேலை என்று நான் சேர்த்துக்கொள்வதில்லை.

சரி, முறையான வழிதான் என்ன? இரண்டு இருக்கின்றன. டைரென்வ் இரண்டாவது வழியில் வந்தது. முதல் வழியின் குறை தெரியாமல் அதன் அருமை புரியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: ஸ்கிரிப்ட்டை ஓட்டாமல் சோர்ஸ் செய்வது. ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, அப்புறம் கோப்பின் பெயர். புதுப் ப்ராசஸ் எதுவும் பிறக்காது. இந்த ஷெல்லே கோப்பை வரிவரியாகப் படித்து, நாம் கையால் தட்டியதுபோல் செய்துவிடும். புள்ளிக்குப் பதில் ‘சோர்ஸ்’ என்று எழுதுவதும் உண்டு. அது சி ஷெல் என்ற இன்னொரு ஷெல் பக்கத்து வழக்கம். பாஷ் என்ற ஷெல் ஏற்றுக்கொள்ளும், டாஷ் என்ற ஷெல் ஏற்றுக்கொள்ளாது. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து பின்-எஸ்ஹெச் (ஸ்கிரிப்ட்டுகளுக்கான பொது ஷெல்) என்பது டாஷ்தான். அதனால் தலைவரியில் எஸ்ஹெச் போட்ட ஸ்கிரிப்ட்டுக்குள் ‘சோர்ஸ்’ எழுதினால் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும். புள்ளியையே பழக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோப்பில் எக்ஸ்போர்ட் எழுதாமல் வெறுமனே பெயர், சமக்குறி, மதிப்பு என்று மட்டும் இருந்தால், அதற்கு முன் ‘செட் மைனஸ் ஏ’, பின்னால் ‘செட் ப்ளஸ் ஏ’ போட்டு இடையில் சோர்ஸ் செய்யலாம். இடையில் வருகிற எல்லாம் தானாக எக்ஸ்போர்ட் ஆகிவிடும். போசிக்ஸ் என்ற பொதுத் தரத்திலேயே இருக்கிற வசதி. எதையும் நிறுவ முடியாத சர்வரில் நான் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

ஆனால் சோர்ஸ் என்பது வேறொருவர் எழுதிய கோப்பை நம் ஷெல்லின் மடியிலேயே உட்காரவைப்பது. கோப்பில் எங்காவது ‘எக்ஸிட் 1’ இருந்தால் ஸ்கிரிப்ட் முடியாது, டெர்மினலே மூடிக்கொள்ளும். கவனமாக எழுதுகிறவர்கள் கோப்பின் தலையில் ‘செட் மைனஸ் ஈ’ (ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிறுத்து) போடுவார்கள், நல்ல பழக்கம்தான். அதை சோர்ஸ் செய்துவிட்டால் அந்தக் குணம் ஷெல்லிலேயே தங்கிவிடும். அடுத்து க்ரெப் என்ற தேடும் கட்டளை எதையும் கண்டுபிடிக்காமல் 1 என்று திரும்பினால் போதும், ஜன்னல் காணாமல் போய்விடும். முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் லேப்டாப்பில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய குறை, சோர்ஸ் செய்தது இறங்காது. எங்கள் வேலை கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு இருப்பு மென்பொருள் எழுதித் தருவது. ஒரே லேப்டாப்பில் பல வாடிக்கையாளர்களின் ஃபோல்டர் இருக்கும். எல்லாவற்றிலும் வேரியபிளின் பெயர் ஒன்றுதான்: டிபி ஹோஸ்ட், டிபி நேம், டிபி பாஸ்வேர்ட். மதிப்பு மட்டும்தான் வேறு. காலையில் ஒரு ஃபோல்டரில் சோர்ஸ் செய்துவிட்டு, மத்தியானம் அதே டெர்மினலில் அடுத்த ஃபோல்டருக்கு சிடி அடித்தால் பழைய டிபி ஹோஸ்ட் அப்படியே நிற்கும். ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) புது ஃபோல்டரைக் காட்டும், மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) பழைய வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் ஓடும். பக்கத்து மேசையில் இது நடந்திருக்கிறது. நல்லவேளை, சோதனை டேட்டாபேஸ். இருந்தாலும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு யாருக்கும் ருசிக்கவில்லை.

இதைத் தவிர்க்கப் பைத்தான்காரர்கள் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். விர்ச்சுவல் என்வின் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கான தனிப் பைத்தான் சூழல்) ஆக்டிவேட் ஸ்கிரிப்ட்டைத் திறந்து படித்துப் பாருங்கள், சின்னக் கோப்புதான். சோர்ஸ் செய்ததும் பழைய பாத்தை (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்) இன்னொரு வேரியபிளில் பத்திரப்படுத்திக்கொண்டு, டீஆக்டிவேட் என்ற ஃபங்ஷனை ஷெல்லில் விட்டுவைக்கிறது. அதைக் கூப்பிட்டால் பழையது திரும்பி வரும். அழகான வேலை. ஆனால் கூப்பிட வேண்டியது நாம். யார் ஞாபகமாகக் கூப்பிடுகிறார்கள்?

இப்போது இரண்டாவது வழி. ஒரு ப்ரோக்ராமால் நம் ஷெல்லை நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் “இந்த வரிகளை நீயே செய்துகொள்” என்று எழுதிக் காட்ட முடியும். சர்வர் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டை எத்தனையோ பேர் ‘ஈவால்’ போட்டுத் தொடங்குகிறோம், எதற்கு ஈவால் என்று யோசித்ததில்லை. வெறுமனே ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் ஆத் சாக் என்ற வேரியபிளுக்கு ஒரு மதிப்பு, அதற்கு ஒரு எக்ஸ்போர்ட், ஏஜென்ட் பிஐடிக்கு (அதன் ப்ராசஸ் எண்) இன்னொன்று, கடைசியில் ஒரு எக்கோ என்று ஷெல் மொழியில் சில வரிகளை அச்சடித்துவிட்டு நிற்கும். அந்த எழுத்தை வாங்கி நம் ஷெல் தானே செய்துகொள்வதற்குத்தான் ஈவால்.

டைரென்வ் செய்வதெல்லாம் இந்த உத்திதான். கூடவே ஒன்று: இறக்குவதற்கான கணக்கையும் அது வைத்துக்கொள்கிறது.

நிறுவிய பிறகு, பாஷ் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் ஒரே ஒரு வரி போட வேண்டும்: ஈவால், அதற்குள் ‘டைரென்வ் ஹூக் பாஷ்’. கடைசியில் என்று நான் சொல்வதில் காரணம் இருக்கிறது. ப்ராம்ப்ட்டை அலங்கரிக்கும் மற்ற சமாச்சாரங்களுக்குப் பிறகுதான் இது வர வேண்டும். ஸீஷெல், ஃபிஷ், டிசிஷெல் என்ற மற்ற ஷெல்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஹூக் (ஷெல்லோடு மாட்டும் கொக்கி) உண்டு. அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் டாட்-என்வ்ஆர்சி என்று ஒரு கோப்பு வைத்து, அதில் எக்ஸ்போர்ட் வரிகளை எழுத வேண்டும். நீங்கள் எந்த ஷெல் வைத்திருந்தாலும் இந்தக் கோப்பைப் படிப்பது பாஷ்தான். எங்களிடம் ஒருவர் ஃபிஷ், நான் பாஷ், மேக் வைத்திருப்பவர் ஸீஷெல். கோப்பு ஒன்றே போதும். குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

முதல் முறை அந்த ஃபோல்டருக்குள் சிடி அடித்ததும் சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும்: என்வ்ஆர்சி தடுக்கப்பட்டிருக்கிறது, உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டால் ‘டைரென்வ் அலவ்’ கொடு என்று. கொடுத்தால் ‘லோடிங்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘எக்ஸ்போர்ட்’ என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அதில் ப்ளஸ் டிபி ஹோஸ்ட், ப்ளஸ் டிபி நேம், டில்டே பாத் என்று இருக்கும். ப்ளஸ் என்றால் புதிதாகச் சேர்ந்தது, டில்டே என்றால் ஏற்கெனவே இருந்து இப்போது மாறியது, மைனஸ் என்றால் நீக்கப்பட்டது. மதிப்பு எதையும் காட்டாது, பெயர் மட்டும்தான். பாஸ்வேர்ட் திரையில் தெரியாது என்பதால் திரையைப் பகிர்ந்துகொண்டு மீட்டிங்கில் இருக்கும்போதும் பயமில்லை. வெளியே வந்தால் ‘அன்லோடிங்’ என்று ஒரே வரி. எக்கோ பண்ணிப் பார்த்தால் டிபி ஹோஸ்ட் காலி. உள்ளே போகும் முன்பே அந்த வேரியபிளுக்கு வேறு மதிப்பு இருந்திருந்தால் அது பத்திரமாகத் திரும்பியிருக்கும். ஒரு ஃபோல்டரிலிருந்து நேராக இன்னொரு ஃபோல்டருக்குத் தாவினாலும் முதலில் பழையதை இறக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்றும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், ‘பாஷ் மைனஸ் மைனஸ் நோஆர்சி’ என்று ஹூக் இல்லாத ஒரு ஷெல்லைப் புதிய ஜன்னலில் திறந்து, அலவ் கொடுத்த ஃபோல்டருக்குப் போய் ‘டைரென்வ் எக்ஸ்போர்ட் பாஷ்’ என்று தட்டுங்கள். எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் செய்ததையே இதுவும் செய்யும். எக்ஸ்போர்ட் வரிகள் நீளமாகக் கொட்டும். அவற்றின் நடுவே டைரென்வ் டிஃப் என்று ஒரு வேரியபிள், வாயில் நுழையாத எழுத்துக் குவியலாக இருக்கும். எது எதை மாற்றினோம், முன்பு என்ன இருந்தது என்ற கணக்கு முழுவதையும் சுருக்கி அதற்குள்தான் வைத்திருக்கிறது. வேறெங்கும் டெம்ப் கோப்பு கிடையாது, பின்னணியில் ஓடும் டீமன் கிடையாது. கணக்குப் புத்தகமும் அந்த ஷெல்லின் என்வ் வேரியபிளாகவே இருப்பதால் ஜன்னலுக்கு ஜன்னல் தனிக்கணக்கு. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

அலவ் பற்றியும் சொல்ல வேண்டும். சும்மா ஒரு சம்பிரதாயக் கேள்வி இல்லை அது. டாட்-என்வ்ஆர்சி என்பது முழு பாஷ் ஸ்கிரிப்ட். யாரோ ஒருவரின் ரெப்போவை (ப்ராஜெக்ட் கோப்புகளின் தொகுப்பை) க்ளோன் செய்து உள்ளே எட்டிப் பார்த்ததுமே அவர் எழுதியது நம் மெஷினில் ஓடினால் என்ன ஆகும்? அதனால் கோப்பின் முழுப் பாதையையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ 256 ஹாஷ் (கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து, நீங்கள் அலவ் கொடுத்ததை அதன் பேரில் குறித்துக்கொள்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி தடுக்கும். ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் தடுக்கும். கோப்பு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியில் ‘கிட் புல்’ கொடுத்து மற்றவர்களின் மாற்றங்களை இழுத்த பிறகு திடீரென்று தடுத்தால், யாரோ என்வ்ஆர்சியைத் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அலவ் கொடுக்கும் முன் ‘கிட் டிஃப்’ போட்டு என்ன மாறியது என்று பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வலியுறுத்துகிறேன். நாமே கோப்பை மாற்றுவதாக இருந்தால் ‘டைரென்வ் எடிட்’ என்று திறப்பது நல்லது. சேமித்து மூடியதும் அலவும் தானாக ஆகிவிடும்.

இந்தக் காவலில் ஒரு ஓட்டை இருக்கிறது. என்வ்ஆர்சிக்குள்ளிருந்து ‘சோர்ஸ் என்வ்’, ‘சோர்ஸ் அப்’ என்ற வசதிகளால் வேறு கோப்புகளை இழுத்துவந்தால் அந்தக் கோப்புகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வாசலில் காவல்காரரை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

கூடவே வரும் சின்னச் சின்னக் கருவிகளில் நான் தினமும் தொடுவது சிலதான். ‘பாத் ஆட் பின்’ என்று ஒரு வரி எழுதினால் ப்ராஜெக்ட்டில் உள்ள ‘பின்’ என்ற ஃபோல்டர் பாத்தின் முன்னால் சேரும். எக்ஸ்போர்ட் பாத் என்று எழுதி, பழைய பாத்தைச் சேர்க்க மறந்துவிட்டு, எல்எஸ் கூட வேலை செய்யாமல் தவிப்பவர்களுக்கு இது நிம்மதி. ‘லேஅவுட் பைத்தான் 3’ என்றால் விர்ச்சுவல் என்வை அதுவே உருவாக்கி ஏற்றும். இதில் ஒரு சங்கதி: ஆக்டிவேட் செய்தால் ப்ராம்ப்ட்டின் முன்னால் அடைப்புக்குறிக்குள் பெயர் வருமே, அது இங்கே வராது. ப்ராம்ப்ட்டைத் தாங்கும் பிஎஸ்1 வேரியபிளை டைரென்வால் மாற்ற முடியாது. ‘டாட்என்வ்’ என்ற வரி டாட்-என்வ் கோப்பை ஏற்றும். ‘என்வ் வார்ஸ் ரிக்வயர்ட்’ என்று எழுதிப் பெயர்களை அடுக்கினால், எது அமைக்கப்படவில்லையோ அதைப் பெயர் சொல்லித் திட்டும். டேட்டாபேஸில் இணைக்க முடியவில்லை என்று அரை மணி நேரம் தேடிவிட்டு, பாஸ்வேர்டே வைக்கவில்லை என்று கண்டுபிடிக்கும் கூத்து எங்களிடம் இதனால் குறைந்தது.

ரகசியங்களை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். எங்கள் ஏற்பாடு: என்வ்ஆர்சி கிட்டுக்குள், டாட்-என்வ் கிட்இக்னோருக்குள் (கிட் கண்டுகொள்ளாத கோப்புகளின் பட்டியல்). முன்னதில் எந்த வேரியபிள்கள் தேவை என்ற பட்டியலும் பாத் வேலைகளும், பின்னதில் அவரவர் பாஸ்வேர்டுகள். டைரென்வ் எதையும் பூட்டி வைக்காது, வட்டில் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டை அங்கே வைக்க ஆசைப்பட்டால் அது உங்கள் சாமர்த்தியம்.

டாட்-என்வ் பற்றி வந்ததால் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இது டைரென்வின் குற்றமில்லை. ஒரே கோப்பை ஷெல், டாக்கர் (ப்ரோக்ராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டுவது), சிஸ்டம்-டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிப் பார்த்துக்கொள்வது) மூன்றும் படிக்கும் என்று நம்பி எழுதுகிறோம். மூன்றும் மூன்று விதமாகப் படிக்கும். ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி இருந்தால் அது இன்னொரு வேரியபிளாக விரியும். பாஸ்வேர்டில் டாலர் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி காணாமல் போகும். ஒற்றை மேற்கோள் போட்டால் தப்பிக்கலாம். அதே கோப்பை ‘டாக்கர் ரன்’ கட்டளையில் என்வ் ஃபைலாகக் கொடுத்தால் மேற்கோளும் பாஸ்வேர்டின் பகுதியாகிவிடும். சிஸ்டம்-டியின் என்விரான்மென்ட் ஃபைலில் டாலர் விரியாது, வரியின் முன்னால் எக்ஸ்போர்ட் என்று எழுதினால் அந்த வரியையே ஏற்காது. ஆகவே பாஸ்வேர்ட் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளமாக வையுங்கள். டாலர் குறி, ஹாஷ் குறி, மேற்கோள் குறி எதுவும் வேண்டாம். சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இனி குறைகள்.

முதலாவது, பாஷில் இது ப்ராம்ப்ட் வரும் நேரத்தில்தான் வேலை செய்கிறது. ப்ராம்ப்ட் கமாண்ட் என்ற வேரியபிளில் தன்னைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் வருவதற்கு முன்பும் எட்டிப் பார்க்கிறது. ஆகவே சிடி ப்ராஜெக்ட், ஆம்பர்சண்ட் ஆம்பர்சண்ட், பைத்தான் மேனேஜ் என்று ஒரே வரியில் அடித்தால், இரண்டுக்கும் நடுவே ப்ராம்ப்ட் வரவில்லை, வேரியபிளும் ஏறவில்லை. ஸீஷெல்லில் ஃபோல்டர் மாறுவதற்கே தனி ஹூக் இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. “எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடல” என்ற பஞ்சாயத்து எங்கள் ஆபீசில் ஒரு முழு மத்தியானம் நடந்ததற்கு இதுதான் காரணம்.

குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் க்ரானும் இதே கதைதான், இன்னும் மோசம். க்ரானுக்கு ப்ராம்ப்ட்டே கிடையாது, பாஷ்ஆர்சி படிக்காது, ஷெல் பின்-எஸ்ஹெச், பாத்தில் இரண்டே இரண்டு ஃபோல்டர். டெர்மினலில் ஓடியது இரவு க்ரானில் ஓடாது. அதற்கு ‘டைரென்வ் எக்ஸெக்’ என்று ஒன்று இருக்கிறது. ஃபோல்டரின் பாதை, அதன் பின் கட்டளை என்று கொடுத்தால் அந்தச் சூழலை ஏற்றிவிட்டுக் கட்டளையை ஓட்டும். டைரென்வின் முழுப் பாதையையும் எழுத வேண்டும், க்ரான் எந்த யூசரின் பேரில் ஓடுகிறதோ அந்த யூசரே அலவ் கொடுத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனால் காலையில் ரிப்போர்ட் வந்திருக்காது.

நிர்வாகி உரிமையில் ஓட்ட சூடோ போட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும். அது சூடோவின் வழக்கம், பாதுகாப்புக்காக என்விரான்மென்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஓட்டும்.

அலியாஸும் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப்பெயர்) ஃபங்ஷனும் வராது. சோர்ஸ் செய்து பழகியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். என்வ்ஆர்சியைத் தனி பாஷில் ஓட்டி, எக்ஸ்போர்ட் ஆன வேரியபிள்களை மட்டும்தான் டைரென்வ் அறுவடை செய்கிறது, மற்றவை அந்த பாஷோடு போய்விடும். நான் அலியாஸுக்குப் பதில் ப்ராஜெக்ட்டின் ‘பின்’ ஃபோல்டரில் சின்ன ஸ்கிரிப்ட்டாக எழுதி, பாத் ஆட் செய்துவிடுகிறேன். அதுவே மேல் என்று இப்போது தோன்றுகிறது. யார் மெஷினிலும் ஓடும், கிட்டிலும் இருக்கும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தால் எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்த என்வ்ஆர்சி ஒன்றை மட்டுமே படிக்கும். மேலே உள்ளதும் வேண்டுமென்றால் உள்ளே இருப்பதன் முதல் வரியில் ‘சோர்ஸ் அப்’ எழுத வேண்டும். இது குறையா சௌகரியமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

எடிட்டரை டெஸ்க்டாப் ஐகானைத் தட்டித் திறந்தால் அதற்கு இது எதுவும் தெரியாது. விஎஸ் கோடுக்கும் ஈமாக்ஸுக்கும் நீட்சிகள் இருக்கின்றன. இல்லையென்றால் அந்த ஃபோல்டரிலிருந்தே டெர்மினல் வழியாகத் திறப்பது எளிது. அதே மாதிரி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு நீங்கள் இப்போது மாற்றிய வேரியபிள் போய்ச்சேராது, நிறுத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அது பிறக்கும்போது என்ன வாங்கிக்கொண்டு போனது என்று சந்தேகம் வந்தால், லினக்ஸில் ப்ராக் ஃபோல்டருக்குள் அதன் பிஐடி எண்ணின் கீழ் என்விரான் என்ற கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். வாய்ச்சண்டையை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வளவளவென்று பேசுகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். நிறைய வேரியபிள் உள்ள ப்ராஜெக்ட்டில் அந்த எக்ஸ்போர்ட் வரி திரையை அடைத்துக்கொள்ளும், உண்மைதான். டைரென்வ் லாக் ஃபார்மேட் என்ற வேரியபிளை வெற்றாக எக்ஸ்போர்ட் செய்தால் வாயை மூடிக்கொள்ளும். நான் மூடுவதில்லை. எந்த வாடிக்கையாளரின் சூழலில் நிற்கிறேன் என்று அந்த வரிதானே சொல்கிறது? என்வ்ஆர்சிக்குள் நெட்வொர்க்கைத் தொடும் வேலைகளைப் போட்டால் ஒவ்வொரு நுழைவும் இழுக்கும், 5 விநாடி தாண்டினால் அதுவே எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தால் என்வ்ஆர்சியைத்தான் இளைக்க வைக்க வேண்டும்.

மாற்றுக் கருவிகளையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆட்டோஎன்வ் சிடி கட்டளையையே தன் ஃபங்ஷனால் மாற்றிவிடும், வெளியே வரும்போது எதை இறக்குவது என்று தனிக் கோப்பில் நாமே எழுத வேண்டும். எனக்கு ஒத்துவரவில்லை. மீஸ் என்பது பைத்தான், நோட் போன்றவற்றின் பதிப்புகளையும் சேர்த்துக் கவனிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையும் பார்க்கலாம். எனக்கு என்வ் வேரியபிள் ஒன்றை மட்டும் பார்க்கிற கருவி போதும். சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டால் ‘மாட்யூல் லோட்’, ‘மாட்யூல் அன்லோட்’ என்பார்கள். 1991இல் ஜான் ஃபர்லானி முன்வைத்த என்விரான்மென்ட் மாட்யூல்ஸ் அது. ஏற்றுவதும் இறக்குவதும் அங்கே அப்போதே வந்துவிட்டது, அடியில் ஓடுவதும் அதே ஈவால் உத்திதான். பலர் பகிரும் பெரிய மெஷினுக்கு அது, சொந்த லேப்டாப்புக்கு இது என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

யாருக்குத் தேவையில்லை? ஒரே ப்ராஜெக்ட், ஒரே டேட்டாபேஸ் என்று இருப்பவர்களுக்கு ப்ரொஃபைலில் இரண்டு எக்ஸ்போர்ட் வரிகளே போதும். எல்லாவற்றையும் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறவர்களுக்கும் இதற்குப் பெரிய வேலை இருக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர், ஒன்றுக்கு மேற்பட்ட கிளவுட் கணக்கு, அல்லது டெஸ்ட்டிங், ஸ்டேஜிங் என்று பிரித்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நிறுவலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டது சோர்ஸ் அப் கோப்புகளைச் சோதிக்காமல் விடுவதற்காக.

பிடிக்கவில்லை என்றால் கழற்றுவதும் எளிது. பாஷ்ஆர்சியில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் புது டெர்மினல் திறந்தால் போதும். என்வ்ஆர்சி கோப்புகளை அழிக்க வேண்டாம். அவற்றில் வெறும் எக்ஸ்போர்ட் வரிகள் மட்டும் இருந்தால் பழையபடி புள்ளி வைத்து சோர்ஸ் செய்துகொள்ளலாம். பாத் ஆட், லேஅவுட் மாதிரியானவை மட்டும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று முணுமுணுக்கும்.